மெய்யை மெய்யாக எழுதுதல்



தமிழில் 'மெய்' என்னும் சொல்லுக்கு உடம்பு என்பது ஒரு பொருள். உண்மை என்பது மற்றொரு பொருள். ஒரே சொல் இவ்விரண்டையும் குறிப்பது தற்செயலாக இருக்கலாம். ஆயினும் இன்று நான் எடுத்துக்கொண்ட பொருளுக்கு அது நல்ல துணையாக அமைகின்றது. ஒருவர் தம் உடம்பு பட்ட பாட்டையும் பெற்ற இன்பத்தையும் தாமே எழுத முற்பட்டால், எப்படி எழுத வேண்டும்? அதனை எழுதுவது இலக்கியம் ஆகுமா? ஆகுமாயின், அதனால் எழுதுபவருக்கும் படிப்பவருக்கும் விளையும் பயன் யாது? இவையே இன்றைய வினாக்கள்.

முதலில் ஓர் ஐயத்தைத் தீர்த்துக்கொள்வோம். உடம்பைப் பற்றிப் பலர் அறியப் பேசுவது நாகரிகம் அன்று என்னும் எண்ணம் நம்மிடையே உண்டு. யாராவது, 'உடம்பு எப்படி இருக்கிறது?' என்று கேட்டால், 'ஏதோ இருக்கிறது' என்று சொல்லி நிறுத்திவிடுகிறோம். நிலையில்லாத இவ்வுடம்பைப் பொருட்படுத்தலாகாது என்று கூறும் பாடல்கள் நம் அற நூல்களில் மிகப் பல. ஆனால், அதே மரபில் வந்த திருமூலர், உடம்பை முன்பு இழுக்கென்று எண்ணியிருந்ததாகவும், அதனுள்ளே உறுபொருளைக் கண்டபின் அதனைப் பேணத் தொடங்கியதாகவும் கூறுகிறார். ஆகவே உடம்பைப் புறக்கணிப்பது மட்டுமே தமிழ் மரபு என்று கொள்வதற்கில்லை.

இலக்கணம் வகுத்த தொல்காப்பியரும் இதற்கு இடம் தந்திருக்கிறார். உள்ளத்து உணர்ச்சி உடம்பின் வழியே புலப்படுவதை அவர் 'மெய்ப்பாடு' என்கிறார். எட்டு மெய்ப்பாடுகளை எண்ணிச் சொல்கிறார். அவற்றுள் ஒன்று இளிவரல். அது பிறக்கும் நிலைக்களன்கள் நான்கு என்று வகுக்கும்போது, மூப்பையும் பிணியையும் வருத்தத்தையும் மென்மையையும் அவர் நிறுத்துகிறார். முதுமையும் நோயும் பாட்டுக்கு உரிய பொருள்கள் என்பது இதனால் விளங்கும். அவற்றை எழுதக் கூசுவது பிற்காலத்து வழக்கமேயன்றி, இலக்கணம் இட்ட தடை அன்று.

சங்கப் பாடல் ஒன்றைப் பார்ப்போம். புறநானூற்றின் 243-ஆம் பாடலைப் பாடியவரின் இயற்பெயர் நமக்குக் கிடைக்கவில்லை. பூண் பொருந்திய தலையையுடைய ஊன்றுகோலை அவர் தம் பாட்டிலே குறிப்பிட்டதனால், தொடித்தலை விழுத்தண்டினார் என்னும் பெயர் அவருக்கு வழங்கலாயிற்று. கையில் ஏந்திய கோலே புலவருக்குப் பெயராகிவிட்டது! சிறுவயதில் மணலில் பாவை செய்து அதற்குப் பூச்சூட்டி மகிழ்ந்ததையும், பெண்களோடு கைகோத்து விளையாடியதையும், நீர்த்துறையில் தாழ்ந்து படர்ந்த மருதமரத்தின் கிளையில் ஏறியதையும், கரையில் நின்றவர்கள் திடுக்கிடும்படி நீர் தெறிக்கக் குதித்ததையும், ஆழத்தில் மூழ்கி அடிமணலை அள்ளிக்கொண்டு வந்து காட்டியதையும் அவர் நினைத்துப் பார்க்கிறார். பிறகு இன்றைய நிலையைச் சொல்கிறார். கோலை ஊன்றி நடுங்குகிறார். இருமலுக்கு இடையிடையே சில சொற்கள் வெளிவருகின்றன. அந்த இளமை எங்கே போயிற்று என்று இரங்குகிறார். பாட்டு அவ்வளவுதான்.

இப்பாடலில் முதுமை கொடியது என்னும் பொதுவான தீர்ப்பு எங்கும் இல்லை. குதித்த உடம்பு ஒன்று. கோலூன்றிய உடம்பு ஒன்று. இரண்டையும் அருகருகே நிறுத்திவிட்டு அவர் விலகிக்கொள்கிறார். இடையே உள்ள தொலைவைப் படிப்பவரே அளந்துகொள்கிறார். உடம்பைப் பற்றி எழுத விரும்புவோர்க்கு இதைவிட நல்ல முதற்பாடம் கிடைப்பது அரிது. செய்ய முடிந்ததை எழுதுங்கள். இப்போது முடியாமற்போனதை எழுதுங்கள். இடையில் அறிவுரை வேண்டா.

அடுத்த பாடத்தைத் திருநாவுக்கரசர் தருகிறார். 7-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த அவரைச் சூலைநோய் பற்றியது. அவர் திருவதிகையில் இருந்த தம் தமக்கையார் திலகவதியாரை வந்தடைந்தார்; அங்கே பாடியதே அவருடைய முதற்பதிகம் என்பது பெரியபுராணம் கூறும் வரலாறு. அந்நோயை அவர் எவ்வாறு உரைக்கிறார் என்பதே நாம் கவனிக்க வேண்டியது. 'பெருந்துன்பம்' என்று பொதுவாகச் சொல்லி அவர் அமையவில்லை. வெளியே தோன்றாமல் வயிற்றின் உள்ளே இருந்துகொண்டு, குடலைப் பற்றிக் கட்டித் தம்மை முடக்குவதாகக் கூறுகிறார். எங்கே வலிக்கிறது, எப்படி வலிக்கிறது, அது உடம்பை என்ன செய்கிறது என்னும் மூன்று வினாக்களுக்கும் அதில் விடை இருக்கிறது. பக்திப் பாடல் என்று போற்றி ஓதும் நாம், அது ஒரு நோயாளியின் துல்லியமான வாக்குமூலமும் ஆகும் என்பதை மறந்துவிடுகிறோம்.

இனி நம் வட்டாரத்துக்கு வருவோம். சென்னையிலிருந்து அரக்கோணம் செல்லும் இருப்புப்பாதையில், அம்பத்தூருக்கும் ஆவடிக்கும் இடையே திருமுல்லைவாயில் இருக்கிறது. நாள்தோறும் பல்லாயிரவர் மின்சார இரயிலில் அவ்வூரைக் கடந்து தொழிற்சாலைகளுக்கும் அலுவலகங்களுக்கும் செல்கின்றனர். பார்வை இழந்த ஒரு கவிஞர் முற்காலத்தில் அவ்வூருக்கு வந்து நின்று பாடினார் என்பதை அவர்களுள் எத்தனை பேர் அறிவர்?

அவர் சுந்தரமூர்த்தி நாயனார். திருவொற்றியூரில் சங்கிலியாரை மணந்தபோது, அவரைப் பிரிந்து செல்வதில்லை என்று சுந்தரர் சூளுரைத்தார். பிறகு திருவாரூரின் வசந்தவிழா நினைவுக்கு வரவே, மனம் பொறாமல் ஒற்றியூரின் எல்லையைக் கடந்தார். கடந்த அளவிலே இரு கண்களும் ஒளியிழந்தன. அவ்வாறே பதினைந்து கிலோமீட்டருக்கு மேலான வழியைக் கடந்து வடதிருமுல்லைவாயிலுக்கு வந்தார். மாசிலாமணியீசரை நோக்கிப் பாடினார். தம் துயரைக் களையுமாறு வேண்டினார். அதன்பின் திருவெண்பாக்கத்தில் அவருக்குக் கிடைத்தது ஓர் ஊன்றுகோல் மட்டுமே. திருவாலங்காட்டை வணங்கிக் காஞ்சியை அடைந்தபோது இடக்கண்ணும், திருவாரூரில் வலக்கண்ணும் மீண்டன என்று சேக்கிழார் கூறுகிறார். அந்தப் பழைய வெண்பாக்கம் பூண்டி நீர்த்தேக்கத்தில் மூழ்கிவிட்டது. 1944-இல் கட்டி முடிக்கப்பட்ட அந்த நீர்த்தேக்கமே இன்றும் சென்னைக்குக் குடிநீர் தருகிறது. கோயில் வேறிடத்தில் எழுப்பப்பட்டுள்ளது.

இந்நிகழ்ச்சியை இறைவன் திருவிளையாட்டாகக் கொள்வோர் கொள்க. கவிதை என்ற அளவில் பார்த்தாலும் இப்பதிகங்கள் வியக்கத்தக்கன. பார்வை இழந்தபோது ஒற்றியூர் இறைவனை நோக்கிப் பாடியவற்றில் சுந்தரர் ஒரு வழக்கே தொடுக்கிறார். மூன்று கண் உடைய உமக்கு என் கண்ணைப் பறித்துக்கொள்வதுதான் முறையென்றால், ஊன்றி நடக்க ஒரு கோலாவது தரலாகாதா என்று கேட்கிறார். கணக்குப் பார்ப்பவரிடம் கணக்காலேயே பேசுகிறார்! மற்றோர் இடத்தில் வீட்டு நிலையைச் சொல்கிறார். தாம் ஒன்று சொன்னால், மனையிலுள்ள பெண்டிர் தம் கண்ணில்லாக் குறையைச் சொல்லியே தம்மை விரட்டுவதாகவும், அதனைத் தாங்க இயலவில்லை என்றும், முகத்தில் கண்ணை இழந்து எங்ஙனம் வாழ்வது என்றும் முறையிடுகிறார்.

இவ்விடத்தில் சற்று நிற்போம். கண்ணிழந்தவருக்கு உலகம் இருட்டு என்று எழுத யாராலும் முடியும். கண்ணுள்ளவர்கூடக் கற்பனை செய்து எழுதலாம். ஆனால் வீட்டில் தம் சொல் மதிப்பிழந்து போவதை, பட்டவர் ஒருவரே எழுத இயலும். உடம்பின் குறை உடம்போடு நிற்பதில்லை. உறவிலும் பேச்சிலும் மதிப்பிலும் சென்று தைக்கிறது. சுந்தரர் இரக்கம் தேடவில்லை. சினக்கிறார், வாதாடுகிறார், எள்ளுகிறார். துன்பத்தை எழுதுவோர் அழுகைக் குரலில்தான் எழுத வேண்டும் என்பதில்லை என்பதற்கு அவரே சான்று.

திருவாலங்காடு என்றவுடன் காரைக்கால் அம்மையாரை நினையாமல் இருத்தல் இயலாது. திருவள்ளூரைக் கடந்து மேற்கே அமைந்த அத்தலத்தில் அவர் பாடிய மூத்த திருப்பதிகம், சுடுகாட்டுப் பேய் ஒன்றின் உருவத்தை அடி முதல் முடி வரை தீட்டுகிறது. வற்றிய மார்பையும் புடைத்த நரம்பையும் குழிந்த வயிற்றையும் நீண்ட கால்களையும் ஒளிக்காமல் சொல்கிறது. தம்மைக் 'காரைக்காற் பேய்' என்றே அவர் அழைத்துக்கொள்வதால், அவ்வுருவத்தை அவருடையதாகவே காணும் வழக்கம் உண்டு. பெண்ணுடம்பை அழகின் அளவுகோலால் மட்டுமே அளந்த உலகில், அந்த அளவுகோலையே ஒரு பெண் எறிந்துவிட்டார்.

இதனை இங்கே கூறுவதற்குக் காரணம் உண்டு. குட்டி ரேவதி 2002-இல் 'முலைகள்' என்னும் கவிதைத் தொகுதியை வெளியிட்டபோது, அத்தலைப்பைக் குறித்தே பெரும் எதிர்ப்பு எழுந்தது. ஆண் புலவர்கள் பல நூற்றாண்டுகளாகத் தலைமுதல் அடிவரை வருணித்த உடம்பை, அதற்கு உரியவர் தம் சொல்லால் எழுதியபோது மட்டும் அது குற்றமாகத் தோன்றியது. ஒரு கவிதை நன்றாக அமைந்ததா என்று ஆராயலாம். அதனை எழுத உரிமை உண்டா என்று கேட்பது முறையன்று. 2007-இல் வெளிவந்த லிவிங் ஸ்மைல் வித்யாவின் 'நான், வித்யா' என்னும் தன்வரலாறும் இவ்வாறே, திருநங்கை ஒருவர் தம் உடம்பைப் பற்றித் தாமே கூறிய நூல். பிறர் கேலியாகவும் கதையாகவும் பேசியதை, அதனை வாழ்ந்தவரே சொல்லும்போது படிப்பவரின் கேலி நின்றுவிடுகிறது.

மீண்டும் நம் வட்டாரத்துச் சான்றோர் ஒருவரைக் காண்போம். போரூருக்கு மேற்கே உள்ள துள்ளம் என்னும் சிற்றூரில், 1883-ஆம் ஆண்டு ஆகஸ்டு 26-ஆம் நாள் பிறந்தவர் திரு. வி. கலியாணசுந்தரனார். இளமையில் கைகால் முடக்கத்தால் அவருடைய பள்ளிப்படிப்புச் சில ஆண்டுகள் தடைப்பட்டது. பின்னாளில் வெஸ்லி பள்ளியில் தமிழாசிரியராகவும், 'தேசபக்த'னுக்கும் 'நவசக்தி'க்கும் ஆசிரியராகவும், தொழிலாளர் தலைவராகவும் அவர் ஓயாது உழைத்தார். 1944-இல் வெளிவந்த தம் 'வாழ்க்கைக் குறிப்புக்க'ளில், பொதுவாழ்வின் நிகழ்ச்சிகளோடு இளமையில் வந்த உடல் நலிவையும் அவர் மறைக்காமல் எழுதினார்.

இறுதி ஆண்டுகளில் உடல் தளர்ந்தது, கண்ணொளி குன்றிற்று. எழுதுகோல் பிடித்து எழுத இயலாத நிலையில், தாம் சொல்லப் பிறர் எழுதுமாறு அவர் நூல்கள் இயற்றினார். 1950-இல் வந்த ஒரு நூலுக்கு 'இருளில் ஒளி' என்பது பெயர். 1951-இல் வந்த நூல் 'முதுமை உளறல்'. 1953-இல் வந்தது 'படுக்கைப் பிதற்றல்' என்னும் மறுபெயரைத் தாங்கிய 'வளர்ச்சியும் வாழ்வும்'. அவ்வாண்டு செப்டம்பர் 17-ஆம் நாள் அவர் மறைந்தார்.

இப்பெயர்களை எண்ணிப் பாருங்கள். மேடையில் பேசினால் கூட்டம் மெய்ம்மறந்து கேட்கும். எழுதினால் தமிழ் உரைநடைக்கே புதுநெறி பிறக்கும். அத்தகைய ஒருவர் தம் நூல்களை உளறல் என்றும் பிதற்றல் என்றும் அழைத்தார். அதில் பணிவு உண்டு. மெல்லிய நகைச்சுவையும் உண்டு. அவற்றுக்கும் மேலாக, இந்நூல் எந்த உடம்பிலிருந்து, எந்த இடத்திலிருந்து எழுந்தது என்பதை அட்டையிலேயே அறிவித்துவிடும் நேர்மை உண்டு. நாற்காலியில் அமர்ந்து எழுதியதாக அவர் நடிக்கவில்லை. படுக்கையிலிருந்து சொன்னேன் என்கிறார். படுத்தபின்னும் சொல்வதற்குப் பொருள் இருந்தது என்பதே அந்நூல்கள் தரும் செய்தி.

உடம்பு என்றவுடன் நோயும் மூப்புமே நினைவுக்கு வருதல் வேண்டா. பிசிராந்தையாரை அறியாதார் இலர். ஆண்டு பல ஆகியும் நரை இல்லாதது எதனால் என்று கேட்டவர்க்கு, நல்ல மனைவியையும் மக்களையும், குறிப்பறிந்து நடக்கும் ஏவலரையும், தீமை செய்யாத வேந்தனையும், சான்றோர் நிறைந்த ஊரையும் அவர் காரணமாகக் காட்டினார். கருத்த தலைமயிர் ஒன்றைக் கொண்டு ஒரு நாட்டின் நலத்தையே பேசிவிட்டார். நெடுநேரம் பசித்திருந்து உண்ட முதற்கவளம், கோடை முடிந்து பெய்த மழையில் நனைந்த முதுகு, குழந்தையைத் தூக்கி வைத்த தோளின் கனம் ஆகிய இவையும் எழுதத்தக்க அனுபவங்களே.

பிறநாட்டார் இதனைப் பற்றி என்ன கருதினர்? ஆங்கில எழுத்தாளர் வர்ஜீனியா உல்ஃப் 1926-இல் நோயுற்றிருத்தல் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். காதலையும் போரையும் பேசும் இலக்கியம், எல்லார்க்கும் வரும் நோயை ஏன் பெரும்பொருளாகக் கொள்ளவில்லை என்று வியந்தார். ஷேக்ஸ்பியரின் மாந்தர்களுடைய நுண்ணிய எண்ணங்களைச் சொல்லவல்ல ஆங்கிலத்தில், தலைவலிக்கும் குளிர்நடுக்கத்துக்கும் சொல் இல்லையே என்று குறைப்பட்டார். அமெரிக்காவின் ஹெலன் கெல்லர் பத்தொன்பதாம் மாதத்தில் பார்வையையும் கேள்வியையும் இழந்தவர். 1903-இல் வெளிவந்த தன்வரலாற்றில், ஒரு கையில் குழாய்நீர் விழ, மறு கையில் ஆசிரியை அந்நீரின் பெயரை விரலால் எழுதிக் காட்டியபோது, சொல் என்பது யாது என்று தாம் முதன்முதலாக உணர்ந்ததை அவர் விவரிக்கிறார். இழந்த கண்ணையும் காதையும் பற்றிப் புலம்புவதைவிட, இருந்த கை அறிந்ததைச் சொன்னதே அப்பகுதியின் சிறப்பு.

உல்ஃப் அம்மையாரின் குறை தமிழுக்கு உண்டா? இல்லை என்றே நான் துணிந்து கூறுவேன். தலை விண்விண் என்று தெறிக்கிறது, காது குடைகிறது, பல் கூசுகிறது, கண் உறுத்துகிறது, கரிக்கிறது, தொண்டை கமறுகிறது, வயிறு பிசைகிறது, கடுக்கிறது, பொருமுகிறது, கால் உளைகிறது, மூட்டுக் குடைகிறது, முதுகு பிடித்துக்கொள்கிறது, புண் எரிகிறது, கை மரத்துப் போகிறது. பிள்ளைப்பேற்று வலியை 'நோவு' என்று தனியே சொல்கிறோம். இவை அகராதியில் தேடி எடுத்த சொற்கள் அல்ல. நம் பாட்டிமார் நாள்தோறும் வழங்கியவை. ஒவ்வொன்றும் ஒரு தனி உணர்வைக் குறிப்பது. இவ்வளவு செல்வத்தை வைத்துக்கொண்டு, 'உடம்பு சரியில்லை' என்னும் இரண்டே சொல்லில் நம் பேச்சு முடிந்துவிடுகிறது!

இதனால் வரும் இழப்பு இலக்கியத்துக்கு மட்டும் அன்று. கனடா நாட்டின் மெக்கில் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ரொனால்டு மெல்சாக் என்னும் அறிஞர், வலியைக் கூற நோயாளிகள் வழங்கும் சொற்களைத் திரட்டினார். 78 சொற்களை 20 பிரிவுகளாக வகுத்து, 1975-இல் ஒரு வினாத்தாளாக வெளியிட்டார். குத்தும் வலி, எரியும் வலி, இறுக்கும் வலி என நோயாளி தேர்ந்தெடுக்கும் சொல், வலியின் தன்மையை அறிய மருத்துவர்க்கு உதவுகிறது. மார்பில் பாறாங்கல்லை ஏற்றியது போன்ற அழுத்தம், அது இடத்தோளுக்குப் பரவுதல், உடன் வியர்த்தல் ஆகியவை இதயநோயின் அறிகுறியாக இருக்கக்கூடும். பெண்களுக்குச் சில வேளை மூச்சிரைப்பும் அளவுகடந்த சோர்வுமே முன்னே தோன்றும். 'ஏதோ வாயுத் தொல்லை' என்று சொல்லி அடக்கிக்கொள்பவரும், 'வேலை மிகுதி. அதனால் அசதி' என்று சொல்லிப் படுத்துவிடும் தாயாரும், தம் உடம்பு சொல்வதைத் தாமே மறைத்துவிடுகின்றனர். மருந்து கிடைக்கும் காலம் அதற்குள் கடந்துபோகலாம். உடம்பை உள்ளவாறு சொல்லப் பழகுவது உயிர் காக்கும் பயிற்சியும் ஆகும்.

இப்பயிற்சிக்கு உரிய இடம் பள்ளிக்கூடமே என்பது என் கருத்து. ஒன்பதாம் வகுப்புக்கு ஒருமுறை 'நான் நோயுற்ற நாள்' என்னும் தலைப்பில் கட்டுரை எழுதச் சொன்னேன். வகுப்பில் பெரும்பாலோர், 'நோயற்ற வாழ்வே குறைவற்ற செல்வம்' என்று தொடங்கி, தூய்மை பேண வேண்டும் என்று முடித்திருந்தனர். அக்கட்டுரைகளில் நோய் இருந்தது, நோயாளி இல்லை. ஒரே ஒரு மாணவன் வேறு வகையாக எழுதியிருந்தான். காய்ச்சல் கண்ட இரவில், தொலைவில் செல்லும் இரயிலின் ஓசை தன் மண்டைக்குள் ஓடுவதுபோல் இருந்ததென்றும், விடியற்காலையில் சந்தைக்குக் கீரைக்கட்டுகளை நனைத்து அடுக்கிக்கொண்டிருந்த தாய் ஈரக்கையை நெற்றியில் வைத்தாளென்றும், அந்தக் கையில் கீரை மணத்ததென்றும் அவன் எழுதினான். எழுத்துப்பிழைகள் பல. ஆயினும் அதனை வகுப்பில் படித்துக் காட்டியபோது ஒரு சிறு ஓசையும் எழவில்லை. மற்றவர்களுக்கும் காய்ச்சல் வந்திருக்கிறது. அவர்களுக்கும் தாய் இருக்கிறாள். அதனை எழுதலாம் என்பது அன்றுதான் அவர்களுக்குத் தெரிந்தது.

இதுவரை கண்டவற்றிலிருந்து, எழுத விரும்புவோர்க்குச் சில நெறிகளைத் தொகுத்துக் கூறலாம்.

முதலாவது, ஒரு நாளை, ஒரு பொழுதை, ஓர் உறுப்பை எடுத்துக்கொள்ளுங்கள். 'என் நோய்கள்' என்று தொடங்கினால் மருத்துவச் சீட்டாக முடியும். 'மாடிப்படியின் ஏழாம் படியில் என் முழங்கால் நின்றுவிட்டது' என்று தொடங்கினால் எழுத்தாக வளரும்.

இரண்டாவது, நோயின் பெயரைச் சொல்லி அமைதி கொள்ளற்க. பெயர் மருத்துவர் தந்தது, உணர்வு உங்களுடையது. நீரிழிவு என்று எழுதுவதைக் காட்டிலும், செருப்புக் கழன்றதுகூடத் தெரியாமல் பத்தடி நடந்துவிட்ட கதையை எழுதுவதே நோயைக் காட்டும்.

மூன்றாவது, உவமையை உங்கள் தொழிலிலிருந்தும் வீட்டிலிருந்தும் எடுங்கள். கடலையே பாராதவர் வலியைக் கடல் என்று எழுதினால் அது இரவல். தறி நெய்பவர்க்கு இழை அறுந்த உணர்வும், தச்சர்க்கு இழைப்புளி ஓடும் உணர்வும், சமைப்பவர்க்கு அடிப்பிடித்த உணர்வும் தெரியும். அவர்களுடைய உவமை அங்கேதான் இருக்கிறது.

நான்காவது, உங்களைச் சுற்றியிருந்தவர்களையும் எழுதுங்கள். யார் தண்ணீர் கொடுத்தார், யார் எரிந்து விழுந்தார், யார் வராமலே இருந்தார் என்பவையெல்லாம் உடம்பின் வரலாற்றில் அடங்கும். ஆனால் பிறருடைய உடம்பின் மறைவுகளை வெளியிட உங்களுக்கு உரிமை இல்லை. உங்கள் மெய் உங்களுடையது. அடுத்தவர் மெய் அவருடையது.

ஐந்தாவது, எவ்வளவு சொல்வது என்பதை நீங்களே முடிவுசெய்யுங்கள். எல்லாவற்றையும் சொன்னால்தான் உண்மை என்பதில்லை. சொல்வது பொய்யாக இருத்தல் ஆகாது. சொல்லாமல் விட்டதற்கு யாருக்கும் விடை கூறவும் வேண்டியதில்லை. எழுதும்போது மனம் மிக வருந்தினால் நிறுத்திவிடுங்கள். பிறகு தொடரலாம், தொடராமலும் இருக்கலாம்.

இவ்வளவும் சொன்னபின், நம் புறநகரைச் சற்றுச் சுற்றிப் பார்க்கிறேன். 1960-களில் அம்பத்தூரில் தொழிற்பேட்டை எழுந்தது. ஆவடியில் படைக்கலத் தொழிற்சாலை எழுந்தது. அன்றுமுதல் கடைசல் எந்திரத்தின் முன் நின்று தேய்ந்த கால்கள் எத்தனை! உலைச்சூட்டில் கறுத்த கைகள் எத்தனை! இரவுமுறை வேலையில் உறக்கத்தை விற்ற கண்கள் எத்தனை! ஆயத்த ஆடைத் தொழிலில் நாள் முழுவதும் குனிந்து தைக்கும் பெண்களின் கழுத்து வலியை எழுதியவர் யார்? அக்கழுத்துக்கு உரியவரே எழுதினால், அந்தச் சட்டையை அணிபவர் அதனை வேறு வகையாகப் பார்ப்பார்.

பூந்தமல்லியில் பார்வையற்ற பிள்ளைகளுக்கான அரசுப் பள்ளி இருக்கிறது; புடைப்பெழுத்தாகிய பிரெய்ல் முறையில் நூல் அச்சிடும் நிலையமும் அங்கே உண்டு. விரல்நுனியால் படிக்கும் அப்பிள்ளைகளைப் பற்றிப் பிறர் எழுதுவன பெரும்பாலும் இரக்கம் ததும்பும் கட்டுரைகளாகவே அமைகின்றன. அவர்கள் தாமே எழுதினால் என்ன எழுதுவார்கள்? நெடுஞ்சாலையைக் கடக்கும்போது பேருந்தின் ஓசையை எப்படி அளக்கிறார்கள், நண்பனின் நடையை எப்படி அடையாளம் காண்கிறார்கள், முன்பின் அறியாதவர் கேளாமலே கையைப் பற்றி இழுக்கும்போது எப்படிச் சினக்கிறார்கள் என்பவற்றை நமக்குச் சொல்லக்கூடியவர்கள் அவர்களே. திருமுல்லைவாயிலில் பாடிய சுந்தரருக்கும், சொல்லி எழுதுவித்த திரு. வி. க.வுக்கும் உண்மையான வாரிசுகள் அங்கே அமர்ந்திருக்கலாம்.

ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் மாணவன் தன் உடம்பைப் பற்றி எழுதிக் கொடுத்தால், முதலில் சிவப்பு மையை எடுக்காதீர்கள்; முழுவதும் படியுங்கள். பட்டினியையோ அடியையோ வேறு துன்பத்தையோ அப்பிள்ளை அதில் சொல்லியிருக்கக்கூடும். வேறு யாரிடமும் சொல்ல இயலாததைச் சில வேளைகளில் கட்டுரை ஏடு மட்டுமே தாங்கி வருகிறது. அதற்கு மதிப்பெண் இடுவதோடு நம் கடமை முடிவதில்லை. அப்பிள்ளையைத் தனியே அழைத்துப் பேசுங்கள். உதவ வல்லாரை நாடுங்கள். அவ்வேட்டை வகுப்பில் படிப்பதற்குமுன் அவன் இசைவைப் பெறுங்கள்.

வீட்டில் இருக்கும் முதியோர்க்கும் ஒரு சொல். நம் பேரப்பிள்ளைகளுக்கு நம் பெயர் தெரியும். நம் உடம்பு கடந்துவந்த வழி தெரியாது. எத்தனை கல் நடந்து படித்தோம், எந்தப் பஞ்சத்தில் என்ன உண்டோம், எந்தக் காய்ச்சலில் பிழைத்தோம், எத்தனை பேற்றில் எத்தனை பிள்ளைகள் தங்கின என்பவற்றை நாம் எழுதாவிட்டால், அவை நம்மோடு எரிந்துவிடும். எழுத இயலாதவர் சொல்லலாம், இளையோர் எழுதிக்கொள்ளட்டும். நாளைக்கு ஒரு பக்கம் போதும். ஓர் உறுப்பில் தொடங்குங்கள், கையிலிருந்தே தொடங்கலாம். அதில் உள்ள பழைய தழும்பு ஒன்று எப்படி வந்தது என்று எழுதுங்கள்.